ஊரே திட்டிய எங்கள் பாட்டு

கல்லூரி அரங்கத்தின் வாசலில் இரண்டு மாணவிகள் ஒரு பெரிய பித்தளைத் தாம்பாளத்தை ஏந்திக்கொண்டு நின்றார்கள். தாம்பாளம் நிறையப் பஞ்சு. நெல்லிக்காய் அளவுக்குப் பிய்த்து, உருட்டி அடுக்கியிருந்தார்கள். உள்ளே போகிற ஒவ்வொருவர் கையிலும் இரண்டு உருண்டை.

மைசூரில் கொஞ்சம் வசதியான வீட்டுக் கல்யாண வரவேற்புகளில் அத்தர் தொட்ட பஞ்சு கொடுப்பதுண்டு. மேடையில் நின்று பாடும்போது கூட்டத்திலிருந்து அந்த வாசனை மிதந்து வரும். நமக்கு ஒருநாளும் கொடுத்ததில்லையே என்று எனக்கு ஒரு சின்ன ஏக்கம் இருந்தது. அதனால் இதுவும் அதுதான் என்று நினைத்துவிட்டேன். எனக்கும் என் அம்மாவுக்குமாகச் சேர்த்து நான்கு உருண்டை வாங்கி, ஒன்றை மூக்கில் வைத்து இழுத்தேன்.

வாசனையே இல்லை.

"செண்ட் போட மறந்துட்டீங்களாம்மா?" என்று கன்னடத்தில் கேட்டேன். அந்தப் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். வெட்கப்படுகிறாள் போல என்று நானும் சிரித்து வைத்தேன்.

அம்மா தன் பங்கை முந்தானையில் முடிந்துகொண்டாள். "வெள்ளவெளேர்னு இருக்குது புள்ள. விளக்குத் திரிக்கு ஆவும்."

அப்போது மணி மாலை நான்கு இருக்கும். அடுத்த ஒரு மணி நேரத்தில் நடந்ததை நினைத்தால் இன்றும் எனக்குக் காது மடல் சூடாகிறது. சுருக்கமாகச் சொல்ல எனக்கு வராது. முதலில் நாங்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன்.

மின்னல் மெலடீஸ்

போன வாரம் ஊதுபத்திக் கம்பெனியில் வேலை பார்த்த நாட்களை எழுதியிருந்தேன். படித்த ஒருவர், "மேடைப் பாடகி என்று ஓரிடத்தில் சொன்னீர்களே, எந்தக் குழு?" என்று கேட்டிருக்கிறார். தயங்கித்தான் எழுதாமல் விட்டேன். பெயர் மின்னல் மெலடீஸ். தொண்ணூறுகளில் மைசூரில் இருந்தவர் யாரும் இந்தப் பெயரைக் கேட்டால் முகத்தைச் சுளிப்பார். சுளித்த முகத்தோடேயே எங்கள் பாட்டில் இரண்டு வரி பாடியும் காட்டுவார்.

குழுவை நடத்தியவர் மாதேஷ். ஹனூர்க்காரர். அங்கே டிராக்டர் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தவர், மைசூருக்கு வந்து தண்ணி மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்தார். பகலெல்லாம் செம்புக் கம்பி சுற்றும் கை, மாலையானால் கீபோர்டு வாசிக்கும். நாற்பது வயது. ஆகாய நீலத்தில் ஒரு கோட்டு, அதில் அவரே ஒட்டிய வெள்ளி ஜரிகை. வேர்த்தால் பசை இளகி, பாட்டு முடிவதற்குள் ஜரிகை ஒரு பக்கம் தொங்கும்.

எக்கோ மெஷின் என்றால் அவருக்கு உயிர். ஒரு வரி பாடினால் மூன்று வரி கேட்கும். பாட்டு நடுவில் திடீரென்று "மைசூரூ!" என்று கத்துவார். அது "சூரூ... சூரூ..." என்று தெருக்கோடி வரை போகும்.

ஊருக்கு அதைவிடக் கோபம், அவர் சொந்தமாகப் பாட்டுக் கட்டியதில்தான். டவுன் பஸ், குழாயடி, மண்ணெண்ணெய் வரிசை, வாடகை வீட்டுக்காரர், இவைதான் அவருக்குப் பொருள். "பஸ்ஸு பந்த்து, ஜாக பிடு" என்று ஒரு பாட்டு. பஸ் வந்தது, வழி விடு என்பதற்கு மேல் அதில் அர்த்தம் ஒன்றும் கிடையாது. அந்தக் கேசட் ஓடாத ஆட்டோ இல்லை, டீக்கடை இல்லை.

எங்களைத் திட்டாத ஆளும் இல்லை.

பிள்ளையார் சதுர்த்திக் கமிட்டிக்காரர்கள் ஒரு மாதம் முன்னாலேயே வந்து தேதி கேட்டுக் கெஞ்சுவார்கள். அதே ஆட்கள் மேடையேறி எங்களை அறிமுகப்படுத்தும்போது, "ஜனங்க கேட்டாங்கன்னு கூப்ட்டிருக்கோம், பெரியவங்க மன்னிக்கணும்" என்பார்கள். நாங்கள் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருப்போம். அக்ரஹாரத்தில் ஒரு சங்கீத டீச்சர், கழுதைக்குக்கூட ஒரு சுருதி உண்டு, இவர்களுக்கு அதுவும் இல்லை என்று சிஷ்யைகளிடம் சொல்வாராம். அந்த அம்மாள் வீட்டுக் கல்யாண வரவேற்புக்கு நாங்கள்தான் பாடினோம். கடைசியில் அவரே மேடையருகே வந்து, யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, பஸ் பாட்டைக் கேட்டார்.

என் அண்ணன் ஆட்டோ ஓட்டினான். நான் பாடுவது அவன் சிநேகிதர்களுக்குத் தெரியக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தான். சவாரி வருபவர்கள் கேட்கிறார்களே என்று கேசட்டை மட்டும் போடுவான். வண்டியில் நாளெல்லாம் தங்கச்சி குரல், வீட்டில் தங்கச்சியோடு பேச்சு இல்லை.

காவிரித் தகராறு முற்றிய நாட்களில் ஊரில் தமிழில் பேசவே எல்லோருக்கும் நடுக்கம். நாங்களும் தமிழ்ப் பாட்டை நிறுத்தி வைத்தோம். அந்த நாட்களில்கூட ஒரு விஷயத்தில் மட்டும் கன்னடக்காரரும் தமிழரும் ஒற்றுமையாக இருந்தார்கள். எங்களைத் திட்டுவதில்.

ஒருமுறை மேட்டூர்ப் பக்கம் ஒரு கோயில் திருவிழாவில் பாடிவிட்டு, பாலாறு தாண்டி வந்துகொண்டிருந்தோம். காட்டு வழியில் அப்போது சோதனை அதிகம். ஒரு சாவடியில் காவலர் ஒருவர் கீபோர்டுப் பெட்டியைக் காட்டி, "இதுல என்ன?" என்றார். திறந்து காட்டினோம். நம்பவில்லை. வாசிக்கச் சொன்னார். மாதேஷ் வேனின் பானட்டின் மேல் கீபோர்டை வைத்து, கரண்ட் இல்லாததால் பஸ் பாட்டின் முதல் நாலு ஸ்வரத்தை வாயாலேயே பாடிக் காட்டினார். காவலர் தலையில் அடித்துக்கொண்டார். "நீங்கதானா அது! போங்க, போங்க. நிறுத்திட்டுப் போங்க." அவ்வளவு ஆயுதத்தோடு நின்றவர்கள் எங்களைப் பார்த்துப் பயந்ததாக வேனில் எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

நாங்கள் நன்றாகப் பாடினோமா? நேர்மையாகச் சொன்னால், பாதி நாள் இல்லை. எனக்கு மேல் ஸ்தாயி எட்டாது. எட்டாத இடத்தில் மாதேஷ் எக்கோவைக் கூட்டிவிடுவார். திட்டியவர்களில் பாட்டுத் தெரிந்தவர்கள் நாலு பேர் இருந்திருப்பார்கள். அவர்கள் திட்டினால் எனக்கு வலித்ததில்லை. மற்றவர்களுக்கு நாங்கள் ஒரு சர்டிபிகேட். எங்களைப் பார்த்து மூக்கைச் சுளித்துவிட்டால் போதும், படித்தவர்கள், ரசனை உள்ளவர்கள் என்று ஆகிவிடலாம். இவ்வளவு மலிவாக வேறெங்கே கிடைக்கும்?

வைதேகி

அந்தக் கல்லூரியின் பெயர் வேண்டாம். பெரிய கல்லூரி, பழைய கட்டடம். புதிதாக ஒரு அரங்கம் கட்டியபோது என் அம்மா அங்கே சித்தாளாகச் சாந்துச் சட்டி சுமந்தாள். நாங்கள் ஹனூர்ப் பக்கம் தமிழர்கள் வாழும் மார்டள்ளியிலிருந்து மைசூருக்கு வந்து சேர்ந்த புதிது அது. கட்டடம் முடிந்த பிறகு அவள் அந்த வாசலை மிதித்ததில்லை.

அங்கே கலை விழாச் செயலாளராக இருந்த மாணவிதான் வைதேகி. மேட்டகள்ளியில் எங்கள் ஷீட் போட்ட வீட்டை விசாரித்துக்கொண்டு ஒரு ஸ்கூட்டரில் வந்தாள். ஒல்லியான பெண், பெரிய கண்ணாடி. வாசலில் நின்று தமிழில் பேசினாள்.

"அக்கா, நீங்கதானே ரோஷிணி? எங்க காலேஜுல பாடணும்னு கேக்க வந்தேன்."

ரோஷிணி என்பது மாதேஷ் எனக்கு வைத்த மேடைப் பெயர். வீட்டில் நான் ராசாத்தி.

"தமிழ் பேசுறியே, எந்த ஊர் கண்ணு?" என்றாள் அம்மா.

"நாங்க மேல்கோட்டைக்காரா. தலைமுறை தலைமுறையா இங்கதான். ஆனா ஆத்துல தமிழ்தான் பேசுவோம். எங்க தமிழைக் கேட்டா நீங்க சிரிப்பேள்."

அம்மா சிரிக்கவில்லை. மயங்கிப்போனாள். அன்று வீட்டில் களியும் கீரைக் கடைசலும். "சாப்புடறியா?" என்று ஒரு பேச்சுக்குத்தான் கேட்டாள். வைதேகி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். களியை மெல்லக்கூடாது, விழுங்க வேண்டும் என்று அம்மா சொல்லிக் கொடுக்க, கண்ணில் நீர் வர விழுங்கினாள். அவள் போன பிறகு அம்மா அக்கம்பக்கம் ஐந்து வீட்டில் சொன்னாள். "அய்யங்கார் ஊட்டுப் புள்ள, நம்மூட்டுல கை நனைச்சுட்டுப் போவுது."

அதன் பிறகும் இரண்டு தடவை வந்தாள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் என்னைப் பற்றிக் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டாள். எங்கே பாட்டுக் கற்றேன்? யாரிடமும் இல்லை. எங்கே பயிற்சி செய்வேன்? ஊதுபத்தி உருட்டும்போது. கரிமாவும் மரப்பிசினும் கலந்து குச்சியில் உருட்டுவோம், உள்ளங்கை தாளம் போட்டபடியே இருக்கும், அதற்கேற்ப முணுமுணுப்பேன். தமிழ் எழுத்து எப்படித் தெரியும்? சினிமாப் பாட்டுப் புத்தகம் பார்த்துக் கற்றேன். கை ஏன் கறுப்பாக இருக்கிறது? இந்த மைதான், தேய்த்தாலும் போகாது, மேடையில் பவுடர் போட்டுக்கொள்வேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் அவ்வளவு கேள்வி கேட்டதில்லை.

மாதேஷ் மூன்று வாரம் ஒத்திகை வைத்தார். எல்லோருக்கும் கருஞ்சிவப்பில் புதுக் கோட்டு. எனக்காக ஒரு பாட்டும் கட்டினார். எக்கோ கிடையாது, மெஷின் தாளம் கிடையாது. வேலை முடிந்து வீட்டுக்கு நடந்து வருகிற ஒரு பெண் பாடுவது போல மெதுவான பாட்டு. மேல் ஸ்தாயிக்கே போகாமல், என் குரல் எங்கே நன்றாக இருக்குமோ அங்கேயே சுற்றி வரும். "இது படிச்சவங்க சபை அம்மிணி. நம்மாலயும் முடியும்னு ஒருக்கா காட்டிப்போடலாம்" என்றார்.

நான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்கு மூன்றாம் வரிசையில் சுவரோரம் இடம். உட்கார்ந்ததும் சுவரைத் தொட்டுப் பார்த்தாள்.

ஒந்து, எரடு, மூரு

திரை விலகியபோது அரங்கம் நிரம்பி வழிந்தது. எங்களுக்கு அப்படி ஒரு கைதட்டல் வாழ்க்கையில் விழுந்ததில்லை. விசில், கூச்சல், பெஞ்சைத் தட்டுகிற சத்தம். மாதேஷ் இரண்டு கையையும் கூப்பினார். அவர் கண் பளபளத்தது.

நெட்டையான ஒரு மாணவன் மைக்கைப் பிடித்து ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினான். ஒரு தாளைப் பார்த்துப் படித்தான். வரிக்கு வரி அரங்கம் அதிர்ந்தது. நாங்கள் ஆறு பேரும் வரிசையாக நின்று புன்னகை செய்தோம். ஆங்கிலம் எங்களில் யாருக்கும் ஓடாது. எல்லோரும் சிரிக்கும்போது நாம் சிரிக்காமல் நின்றால் மரியாதை இல்லையே என்று நானும் சிரித்தேன். என்னைப் பற்றிய கேலிக்கு நானே சிரித்துக்கொண்டு நின்றேன்.

பிறகு அந்த ஆங்கிலத்துக்கு நடுவே ஒரு சொல் எனக்குத் தெரிந்ததாக வந்தது. ஊதுபத்தி.

அரங்கம் கொல்லென்றது. அவன் தன் உள்ளங்கையை விரித்துக் காட்டி, பவுடர் போடுவது போல நடித்தான். இன்னொரு சிரிப்பு. மேடையின் ஓரத்தில் திரையைப் பிடித்துக்கொண்டு வைதேகி நின்றாள். அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்ததும் பார்வையை மாற்றிக்கொண்டாள்.

"அண்ணா, இவங்க நம்மளக் கேலி பண்றாங்க" என்று மாதேஷிடம் கிசுகிசுத்தேன். "பாடு அம்மிணி, பாடு" என்றார். கீபோர்டில் என் பாட்டின் சுருதியைப் பிடித்தார்.

நான் வாயைத் திறந்தேன். அந்த மாணவன் கையை உயர்த்திக் கன்னடத்தில் எண்ணினான். "ஒந்து, எரடு, மூரு!"

அரங்கம் முழுவதும் ஒரே நேரத்தில் கைகள் எழுந்தன. எல்லோரும் ஆளுக்கு இரண்டு உருண்டைப் பஞ்சைக் காதில் திணித்துக்கொண்டார்கள். பேராசிரியர்கள் போல இருந்த சிலரும்கூட. திணித்துக்கொண்டு, முகத்தில் சாந்தமான பாவனையோடு என்னைப் பார்த்து உட்கார்ந்தார்கள்.

நான் இரண்டு வரி பாடினேன். ஏன் பாடினேன் என்று தெரியவில்லை. தொண்டை தானாகப் பாடியது. மூன்று வாரம் பழக்கிய தொண்டை.

மூன்றாவது வரியில் அம்மாவைப் பார்த்தேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு மாணவி, அம்மாவின் முந்தானை முடிச்சை அவிழ்க்கச் சொல்லி, எப்படி வைத்துக்கொள்வது என்று சைகையில் காட்டிக்கொண்டிருந்தாள். இங்கே இதுதான் முறை போலிருக்கிறது என்று அம்மா நினைத்திருக்க வேண்டும். பஞ்சைப் பணிவாகக் காதில் வைத்துக்கொண்டாள். ஒன்று, பிறகு இன்னொன்று. வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்து, முகமெல்லாம் பூரிப்பாகக் கைதட்டினாள். அவள் சுமந்த சாந்தில் எழுந்த சுவர்களுக்கு நடுவே, அவள் பெற்ற மகள் பாடுகிற பாட்டு அவளுக்குக் கேட்கவில்லை.

நான் நிறுத்தினேன்.

"ஹத்தி தெகீரி!" என்று கத்தினேன். பஞ்சை எடுங்கள் என்று. "ஹத்தி தெகீரி! காதுலேருந்து எடுங்க எல்லாரும்!"

கூடுதலாகச் சிரித்தார்கள். இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்திருப்பார்கள். நான் ஓரத்தைப் பார்த்துத் திரும்பினேன்.

"வைதேகி! எங்கூட்டுல சாப்ட்டியே. களி விழுங்கினியே. அந்தக் கையாலதான இதையும் எழுதின? இங்க வா. வந்து என் மூஞ்சியப் பாத்து அந்தத் தாளைப் படி!"

அவள் திரைக்குள் போய்விட்டாள். திரை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

மைக்கைக் கீழே போட்டேன். டொம்மென்று விழுந்தது. அதற்கும் கைதட்டினார்கள். படியிறங்கி மூன்றாம் வரிசைக்குப் போய் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"என்ன புள்ள? முடிஞ்சுபோச்சா?" என்று சத்தமாகக் கேட்டாள். காது அடைத்திருந்ததால் அவள் குரல் அவளுக்கே தெரியவில்லை. சுற்றியிருந்தவர்கள் அதற்கும் சிரித்தார்கள்.

கதவைத் தாண்டும்போது பின்னால் கீபோர்டு கேட்டது. மெஷின் தாளம். எக்கோ. "பஸ்ஸு பந்த்து, ஜாக பிடு." மாதேஷ் பாட, அரங்கம் முழுக்க ஒரே குரலாக அவரோடு சேர்ந்து பாடியது.

வெளியே வந்து மரத்தடியில்தான் அம்மாவின் காதிலிருந்து பஞ்சை எடுத்தேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள்.

"உனக்கு என்ன வந்துச்சு? அத்தினி பெரிய மனுசங்க கைதட்டுறாங்க. மேடையில நின்னுட்டு யாரப் பாத்து அப்புடிக் கத்துன? மைக்கத் தூக்கி எறியற அளவுக்குத் திமிரா?"

நான் என்ன கத்தினேன் என்பது அவளுக்குக் கேட்டிருக்கவில்லை. கத்தியதை மட்டும்தான் பார்த்திருந்தாள்.

சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அவள் கட்டியிருந்தது கல்யாணத்துக்குப் போனால் மட்டும் கட்டுகிற புடவை. கொசுவத்தில் பூச்சியுருண்டை வாசனை வந்தது.

"தலை சுத்துச்சும்மா" என்றேன்.

காயில் கடையில்

மறுநாள் கம்பெனிக்குப் போகவில்லை. நேரே மாதேஷின் கடைக்குப் போனேன். வார்னிஷ் நெடி. அவர் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். சுவரில் புதிதாக ஒன்று தொங்கியது. அட்டையில் வெட்டி, தங்க நிறம் பூசிய ஒரு பெரிய காது.

"என்னண்ணா இது?"

"பரிசு. நீ போனதுக்கு அப்பறம் குடுத்தாங்க."

"அதை மாட்டி வேற வெச்சிருக்கீங்களா?"

அவர் மேசை இழுப்பறையைத் திறந்து, நான்காக மடித்த ஒரு தாளைக் கொடுத்தார். கல்லூரி ஒட்டிய சுவரொட்டி. எங்கள் படம், கீழே ஆங்கில எழுத்து.

"என்ன எழுதியிருக்கு?"

"நாம ஆசை ஆசையா வெறுக்கற பாட்டுக்காரங்கன்னு போட்டிருக்குது. பக்கத்து மெடிக்கல்காரர் படிச்சுச் சொன்னாரு."

"எப்ப?"

கம்பியைச் சுற்றிக்கொண்டே சொன்னார். "ஒரு வாரம் இருக்கும்."

தாளை மேசைமேல் போட்டேன்.

"தெரிஞ்சே கூட்டிட்டுப் போனீங்களா? எங்கம்மாவ நான் கூட்டிட்டு வரேன்னப்பக்கூட ஒரு வார்த்தை சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ வந்திருக்க மாட்டே அம்மிணி."

"வந்திருக்க மாட்டேன்தான்!"

"அதான் சொல்லல." அவர் நிமிர்ந்தார். அவருக்கும் கோபம் ஏறியிருந்தது. "சிரிக்கறதுக்குத்தான் கூப்ட்டாங்க. எனக்குத் தெரியாதா? என்ற ஊர்ல டிராக்டருக்கு அடியில படுத்துட்டுப் பாடறப்பவும் சிரிச்சாங்க. ஆனா கடசீல என்ன ஆச்சு, தெரியுமா உனக்கு? பஸ் பாட்டுக்கு ஒருத்தன் காதுலயும் பஞ்சு இல்ல. பிடுங்கிப் போட்டுட்டு எந்திரிச்சு நின்னு பாடினானுங்க. நீ இன்னும் ஒரு பத்து நிமிசம் நின்னிருந்தா அந்தக் கைதட்டல் உனக்கும்தான்."

"எம் பாட்டுக்குப் பஞ்சு வெச்சிட்டு, உங்க பாட்டுக்கு எடுத்தாங்க. அது எனக்குக் கைதட்டலா?"

"சபைன்னா அப்படித்தான். பொறுத்துத்தான் புடிக்கணும்."

"உங்க மானம், நீங்க பொறுத்துக்குங்க. என்னோடத எப்படி நீங்க எடுத்துக் குடுக்கலாம்? எங்கம்மாவோடத?"

அவர் கையில் இருந்த செம்புக் கம்பி அறுந்துவிட்டது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் கெட்டவர் இல்லை. எனக்காகவே ஒரு பாட்டைக் கட்டிய ஒரே மனிதர் அவர்தான். அந்தக் கல்லூரி அதற்கடுத்த ஆண்டுகளிலும் அவரைக் கூப்பிட்டது. பஞ்சு இல்லாமல் கேட்டார்கள் என்று சொன்னார்கள். கேலியாகத் தொடங்கியது மெல்லப் பிரியமாகவே மாறிவிட்டதாம். இருக்கலாம். மேடையில் வேறொரு பெண் ரோஷிணி ஆனாள். நான் அந்தக் கடைக்குள் மறுபடி போகவில்லை. ஊதுபத்திக் கம்பெனியில் முணுமுணுப்பதையும் நிறுத்தினேன். கை தன்பாட்டுக்கு உருட்டியது.

அவர்மேல் எனக்கிருந்த கோபம் வைதேகி மேல் இருந்ததைவிடப் பெரிது. அந்நியர்கள் அவமானப்படுத்தினால் அது அடி. நம்மாள் தெரிந்தே கைபிடித்துக் கூட்டிப்போய் நிறுத்தினால், அதற்கு என்ன பெயர் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

வந்தவள்

ஒரு மாதம் போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமைக் காலை. குழாயடியிலிருந்து குடத்தோடு வருகிறேன், எங்கள் வாசலில் அந்த ஸ்கூட்டர் நிற்கிறது. குடம் இடுப்பிலிருந்து நழுவப் பார்த்தது.

வைதேகி உள்ளே தரையில் உட்கார்ந்திருந்தாள். இளைத்திருந்தாள். கண்ணாடிக்குள் கண் சிவந்திருந்தது. கையில் எதுவும் கொண்டு வரவில்லை. அதை மட்டும் இன்றும் அவள் கணக்கில் நல்லதாக வைத்திருக்கிறேன். பழம் பூ என்று ஏதாவது கொண்டு வந்திருந்தால் தெருவில் வீசியிருப்பேன்.

என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். "அக்கா, நான்... அன்னிக்கு..."

எதற்கு வந்திருக்கிறாள் என்று புரிந்துவிட்டது. ஒரு மாதமாக நான் மனசுக்குள் பேசிப் பேசித் தயாராக வைத்திருந்த வசவுகள் எல்லாம் நாக்கு நுனிக்கு வந்தன. மன்னிப்பா? கேள். முழங்காலில் நின்று கேள். நான் தரமாட்டேன்.

நான் வாயைத் திறக்குமுன் அம்மா அடுப்படியிலிருந்து வந்துவிட்டாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, நேரே போய் வைதேகியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம் கண்ணு. எனக்குத் தெரியும். அத்தினி ஆசையாக் கூப்ட்டு மரியாத செஞ்சீங்க. எம்மவ மைக்கப் போட்டு ஒடச்சு, மேடையில நின்னு கத்தி, விழாவையே கெடுத்துப்போட்டா. அன்னிக்கிலேருந்து எனக்குத் தூக்கமே இல்ல. படிக்காதவ, கோவக்காரி. நான் அவளுக்காகக் கேக்கறேன், மனசுல வெச்சுக்காத தாயி."

சொல்லிவிட்டு வைதேகியின் முகவாயைத் தொட்டுக் கும்பிட்டாள்.

வைதேகி என்னைப் பார்த்தாள். அவள் உதடு துடித்தது. உண்மையைச் சொல்லத்தான் போகிறாள் என்று தெரிந்தது. சொன்னால் என்ன ஆகும்? காதில் பஞ்சோடு கைதட்டிய தன்னையே அம்மா பார்த்துவிடுவாள். நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்றபடி, வைதேகியைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். வேண்டாம். சொல்லாதே.

எனக்கு வர வேண்டிய மன்னிப்பை நானே தடுத்து நிறுத்தினேன்.

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். பிறகு மிக மெதுவாகச் சொன்னாள்.

"பரவால்லம்மா."

அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. காபி போட உள்ளே போனாள். போகிற வழியில் என்னிடம் திரும்பி, வைதேகிக்கும் கேட்கும்படியாகவே சொன்னாள்.

"பாத்துக்க. பெருந்தன்மைன்னா இதுதான்."